பாதி வாடகை, பத்து வருடம்

போன இதழில் நம் ஏரி மதகைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு லிஃப்டில் என்னை நிறுத்திய ஏ பிளாக் நண்பர், "சார், அடுத்த தடவை கொஞ்சம் வெளியூர் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றார். சரி, போய் வருவோம். ஊர் இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு. காலம் 800 வருடத்துக்கு முன்பு. ஆனால் புறப்படும் இடம் நம் பி பிளாக் மூன்றாம் மாடி.

ஜனவரியில் நடந்தது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து இந்த இதழைப் படிக்கும் வீட்டு உரிமையாளர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வீட்டில் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்று பேர் கல்லூரிச் சுற்றுலா போயிருந்த நாளில், தனியாக இருந்த நான்காவது பையன் இரவு குழாயைத் திறந்திருக்கிறான். தண்ணீர் வரவில்லை. மூட மறந்துவிட்டு, விடியற்காலையில் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். ஆறு மணிக்கு மோட்டார் போட்டார்கள். எட்டு மணிக்குள் கீழ் வீட்டுக் கூரை ஒழுகி, மரஅலமாரி முழுக்க ஊறிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவைகள் அந்த அலமாரியில்தான் இருந்தன. பையன் விஷயம் தெரிந்ததும் பயந்துபோய்ச் சொந்த ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். செல்போனையும் அணைத்துவிட்டான்.

சிறப்புக் கூட்டம் போட்டோம். நம் வளாகத்தில் மூன்று வீடுகளில் மாணவர்கள் இருக்கிறார்கள். மூன்று வீட்டுக்காரர்களும் மே 31க்குள் அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டும், இனிமேல் மாணவர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று தீர்மானம். ஆதரவு 19, எதிர்ப்பு 4. கை தூக்கிய 19 பேரில் நானும் ஒருவன்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது படித்த ஒரு பழைய கதை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மகள் இருப்பது ரெடிங் என்ற ஊரில். ஆங்கிலத்தில் 'படித்தல்' என்ற எழுத்துக்கூட்டல், உச்சரிப்பு வேறு. அங்கிருந்து அரை மணி ரயிலில் ஆக்ஸ்ஃபோர்டு. நான்கைந்து முறை போயிருப்பேன். மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் பொழுது போகாத மாமனாருக்கு மூத்த குடிமக்கள் ரயில் சலுகை அட்டை ஒரு வரப்பிரசாதம்.

ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் நமக்குப் பெரிய கல்லூரிகள், கோபுரங்கள், புல்வெளி எல்லாம் மனதில் வரும். 1200ஆம் ஆண்டு வாக்கில் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பல்கலைக்கழகம் என்றால் கட்டடம் அல்ல, ஆட்கள்தான். ஆசிரியர் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துப் பாடம் நடத்துவார். முக்கியமான கூட்டம் என்றால் புனித மேரி தேவாலயத்தில் கூடுவார்கள். பதினான்கு பதினைந்து வயதில் பையன்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டுப் படிப்பார்கள். இன்று கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவன் வெளியே அறை தேடுகிறான். அன்று 'உள்ளே' என்று ஒன்றே இல்லை. எல்லோரும் வெளியேதான்.

இந்த மாணவர்கள் எல்லோரும் கணக்குப்படி திருச்சபையைச் சேர்ந்தவர்கள். உச்சந்தலையில் கொஞ்சம் முடியை மழித்திருப்பார்கள். லத்தீனில் 'கிளெரிகஸ்' என்று பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், பிற்பாடு எழுத்து வேலை செய்பவனுக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிளார்க் என்ற சொல் அதிலிருந்து வந்தது. 35 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தகவலில் தனி சந்தோஷம்.

1209இல் அப்படி ஒரு வாடகை வீட்டில் இருந்த கிளார்க் ஒருவனால் ஊர்ப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். விபத்து என்றே ரோஜர் ஆஃப் வெண்டோவர் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். பெண் செத்ததும் பையன் ஓடிவிட்டான். நகரத் தலைவரும் ஊர்க்காரர்களும் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆள் இல்லை. அவனோடு சேர்ந்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த மற்ற மாணவர்கள் இருந்தார்கள். மூன்று பேர் என்கிறார் வெண்டோவர். இரண்டு பேர் என்று சொல்பவர்களும் உண்டு. நடந்தது என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டு, சில நாளில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்த் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

திருச்சபை ஆளைச் சாதாரண ஊர்க்காரர்கள் தூக்கில் போட முடியுமா? வேறு சமயமாக இருந்தால் முடியாது. அப்போது ஜான் மன்னருக்கும் போப்புக்கும் கடும் தகராறு. கான்டர்பரி பேராயராக யாரை நியமிப்பது என்பதில் ஆரம்பித்து, 1208இல் போப் இங்கிலாந்து முழுக்க தேவாலயங்களை மூடச் சொல்லிவிட்டார். பூசை கிடையாது, முறைப்படி அடக்கம் கிடையாது. மன்னர் எந்தத் தலைமழித்தவனைப் பார்த்தாலும் எரிச்சலில் இருந்தார். தூக்குக்கு அவருடைய சம்மதமும் இருந்தது.

மறுநாளிலிருந்தே ஆசிரியர்களும் மாணவர்களும் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். 3,000 பேர் போனார்கள் என்று வெண்டோவர் எழுதுகிறார். இவ்வளவு இருக்காது, துறவிகள் எண்ணிக்கை விஷயத்தில் எப்போதும் தாராளம். ஆனால் ஊர் காலியானது உண்மை. சிலர் பாரிஸுக்குப் போனார்கள். சிலர் என் மகள் இருக்கும் ரெடிங்குக்கு. சிலர் கேம்பிரிட்ஜ் என்ற சின்ன வியாபார ஊருக்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிறப்புச் சான்றிதழ் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு ஊர்க்காரர்கள் வாடகைக்கு இருந்த பையன்களைத் தூக்கில் போடாமல் இருந்திருந்தால், நம் ராமானுஜன் 1914இல் வேறு எந்த ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பாரோ.

ஐந்து வருடம் ஆக்ஸ்ஃபோர்டு வீடுகளுக்கு மாணவர்கள் வரவில்லை. நம்மூரில் ஒரு கல்லூரியை வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் அதைச் சுற்றியிருக்கிற மெஸ், ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மாடி போர்ஷன் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ரொட்டி சுடுபவர், பீர் காய்ச்சுபவர், இறைச்சிக் கடைக்காரர், வீட்டுக்காரர் எல்லோருக்கும் அதே கதிதான். இதற்கிடையே 1213இல் ஜான் மன்னர் போப்பிடம் பணிந்துவிட்டார். ராஜாவின் பலத்தில் துணிந்த ஊர்க்காரர்கள் தனியாக மாட்டிக்கொண்டார்கள். போப்பின் தூதராக வந்திருந்த கார்டினல் நிக்கோலஸிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

1214 ஜூன் 20 தேதியிட்டு அவர் கொடுத்த தீர்ப்பு இருக்கிறதே, வணிகவியல் படித்தவன் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய ஆவணம். தர்ம உபதேசம் மிகக் குறைவு. ரூபாய் அணா பைசாவில் பேசுகிறது.

முதலாவது, மாணவர்களுக்கு விடப்படும் வீடுகளுக்கு பத்து வருடத்துக்குப் பாதி வாடகை. எந்த வாடகையில் பாதி? ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு, மாணவர் தரப்பும் ஊர்த் தரப்பும் கலந்து நிர்ணயித்திருந்த வாடகையில் பாதி. அதாவது கலந்து பேசி வாடகை நிர்ணயிக்கும் பழக்கம் அதற்கு முன்பே இருந்திருக்கிறது. பத்து வருடம் முடிந்ததும் அடுத்த பத்து வருடத்துக்குப் பழைய வாடகைதான். அதற்கு மேல் கிடையாது. புதிதாகக் கட்டிய வீடு, முன்பு மதிப்பிடப்படாத வீடு என்றால், ஆசிரியர்கள் நான்கு பேரும் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து வாடகையை முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு வருட வாடகை 40 ஷில்லிங் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து வருடத்தில் 200 ஷில்லிங் நஷ்டம். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 10 பவுண்டு. அடுத்த பத்து வருடத்தில் நஷ்டம் எழுத்தில் தெரியாது, ஆனால் உண்டு. ஏனென்றால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் விலைவாசி வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. இவர்கள் 1234 வரை 1209ஆம் ஆண்டு வாடகையைத் தாண்ட முடியாது. இதற்கு முன்னால் ஐந்து வருடம் மாணவர் வாடகையே வராத நஷ்டம் தனி. ஒரு வீட்டில் இருந்த ஒரு பையனுக்காக, ஊரிலுள்ள மாணவர் வீடு அத்தனைக்கும் கால் நூற்றாண்டு பற்று.

இரண்டாவது, ஊர் வருடத்துக்கு 52 ஷில்லிங் ஏழை மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷில்லிங் என்று மனதில் வைத்துத்தான் இந்தத் தொகையைப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். மூன்றாவது, டிசம்பர் 6ஆம் தேதி புனித நிக்கோலஸ் திருநாளில் நூறு ஏழை மாணவர்களுக்கு ரொட்டி, பீர், கஞ்சி, ஒரு மீன் அல்லது இறைச்சி என்று சாப்பாடு போட வேண்டும். உணவுப் பொருட்களை நியாய விலையில் விற்க வேண்டும். மாணவன் யாரையாவது கைது செய்தால் திருச்சபை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தூக்கில் போட்டதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்களும் நிரூபிக்கப்பட்டவர்களும் மேலங்கி இல்லாமல், செருப்பு இல்லாமல், அந்தப் பையன்களைப் புதைத்த இடத்துக்கு நடந்துபோய், முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும். எல்லோரும் போனபிறகும் ஊரிலேயே தங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் மூன்று வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் சொல்லக்கூடாது. வேலைநிறுத்தத்தில் சேராதவர்களுக்குத் தண்டனை! எங்கள் வங்கி யூனியன் தலைவர்கள் இதைப் படித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இறந்துபோன அந்தப் பெண். வெண்டோவர் அவள் பெயரைக்கூட எழுதவில்லை. 52 ஷில்லிங்கில் அவள் வீட்டாருக்கு ஒரு பென்னி கிடையாது. நூறு பேர் சாப்பாட்டில் அவளுக்காக ஒரு இலை கிடையாது. தூக்கில் போட்டவர்களும் அவளை மறந்துவிட்டார்கள், தீர்ப்புச் சொன்னவரும் மறந்துவிட்டார். மாணவர் பக்கம் எல்லாமே நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நம் பி பிளாக் விஷயத்தில் நான் கூட்டத்துக்கு அடுத்த நாள் முதலில் போனது கீழ் வீட்டுக்குத்தான். அந்த அம்மா அப்போதும் புடவைகளைக் கொடியில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். "காலி பண்ணச் சொல்லிட்டீங்க, சரி. என் அலமாரிக்கு யார் சார் பொறுப்பு?" என்று கேட்டார். தீர்மானத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. எழுதிப் படித்தது நம் செயலாளர். பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது நான்.

கதைக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் வந்த இந்த ஏற்பாடு மற்ற ஊருக்கும் பரவியது. 1231இல் ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி மன்னர் கேம்பிரிட்ஜ் நகரத் தலைவருக்கு ஓலை அனுப்பினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் மாணவர்கள் உங்கள் ஊருக்கு வருகிறார்கள், அதனால் உங்களுக்கு லாபம், நாட்டுக்குப் பெருமை. நீங்கள் வாடகையை ஏற்றிக்கொண்டே போனால் அவர்கள் போய்விடுவார்கள். ஆகவே இரண்டு ஆசிரியர்களும் இரண்டு நல்ல ஊர்க்காரர்களும் சேர்ந்து வாடகையை மதிப்பிடட்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு போப் ஒன்பதாம் கிரிகரி பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு உரிமை கொடுத்தார். விடுதி வாடகையை நிர்ணயிக்கும் உரிமையைப் பறித்தால் அவர்கள் வகுப்புகளை நிறுத்திவிடலாம். வாடகைக்காகப் படிப்பை நிறுத்துகிற உரிமையை போப்பே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இத்தாலியில் போலோக்னா நகரத்தில் இன்னொரு விதமான தொந்தரவு. அங்கே வீட்டுக்காரர் ஏற்றுவதைவிட, மாணவர்களே ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் ஏற்றிவிடுவார்கள். குடியிருப்பவன் இருக்கும்போதே இன்னொருவன் போய் வீட்டுக்காரரிடம் கூடுதல் வாடகை சொல்லி வீட்டைத் தட்டிப் பறித்துவிடுவான். ஆசிரியரோ மாணவரோ அப்படிச் செய்யக்கூடாது என்ற தடையை 1189இல் போப் மூன்றாம் கிளமெண்ட் உறுதிப்படுத்தினார்.

இந்தத் தடை எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும். 1977இல் திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தபோது தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். வாடகை 60 ரூபாய், ஆளுக்கு 20. அரைப் பரீட்சை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்து பார்த்தால், எங்கள் டிரங்குப் பெட்டிகள் மாடிப்படியில் அடுக்கி இருந்தன. மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் 85 ரூபாய் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அட்வான்ஸைக் கணக்காகத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, நீங்க படிக்கிற பசங்க, எங்க வேணா இருப்பீங்க" என்றார். அன்றிரவு ஜங்ஷன் ஸ்டேஷனில் பெட்டிமேல் தலைவைத்துப் படுத்தோம். அதன்பின் பத்து நாள் தெருத்தெருவாக வீடு தேடியதில் "பேச்சிலருக்கு இல்லை" என்ற வாக்கியத்தை எத்தனை வாசலில் கேட்டேன் என்று எண்ணவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் அந்த வாடகை வீடுகளுக்கு 'ஹால்' என்று பெயர் வந்தது. ஒருவர் பொறுப்பாளராக இருந்து வீட்டை எடுப்பார். மற்றவர்கள் அவரிடம் பங்கு கட்டுவார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஹால்கள் இருந்தன. பெரிய வீட்டுக்காரர் யார் தெரியுமா? ஓஸ்னி மடம். நம்மூரில் கோயில் மனை, மடத்து வீடு என்கிறோமே, அதுபோல. பொறுப்பாளர் ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில், மாதா பிறந்தநாளை ஒட்டி, வாடகைக்கு ஜாமீனோ பணமோ பொருளோ கட்ட வேண்டும். அதற்கு லத்தீனில் 'காவ்டியோ' என்று பெயர். அதை ஒழுங்காகக் கட்டும்வரை வீட்டுக்காரர் அந்த ஹாலை வேறு யாருக்கும் விடமுடியாது. தானே குடிவர வேண்டும் என்றால் மட்டும் கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது 'காஷன் டெபாசிட்' கட்டினோமே, அதே சொல். வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தருவதற்கு இன்று ஆகிற காலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

அந்த 52 ஷில்லிங் என்ன ஆனது என்று தொடர்ந்து போனால், எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. 1240இல் லிங்கன் மறைமாவட்ட ஆயர் ராபர்ட் கிராஸ்டெஸ்ட், இந்தத் தண்டத் தொகையை வருடாவருடம் சில்லறையாகப் பங்கு போட்டுத் தீர்க்காமல் ஒரு பெட்டியில் சேர்க்க ஏற்பாடு செய்தார். புனித ஃப்ரைட்ஸ்வைட் மடத்தில் வைத்த பெட்டி. ஏழை மாணவன் புத்தகத்தையோ வேறு பொருளையோ அடகு வைத்து அதிலிருந்து கடன் வாங்கலாம். வட்டி கிடையாது. குறித்த காலத்துக்குள் மீட்காவிட்டால் அடகுப் பொருள் விற்கப்படும். இதைப் பார்த்துப் பலரும் இதேபோல் பெட்டிகள் ஏற்படுத்தினார்கள்; அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டில் இருபதுக்கு அருகில் வந்துவிட்டன. இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு ஒரு பூட்டு அல்ல, இரண்டு மூன்று பூட்டு. ஒவ்வொரு சாவியும் வெவ்வேறு ஆளிடம். வங்கியில் இதை ஜாயின்ட் கஸ்டடி என்போம். நகைக்கடன் பிரிவில் ஏழு வருடம் நான் வைத்திருந்த சாவி அப்படிப்பட்டதுதான். அன்று அடகுபோன கையெழுத்துப் புத்தகங்கள் சில இன்றும் இருக்கின்றன. கடைசித் தாளில் யார், எந்தப் பெட்டியில், எந்தத் தேதியில், எவ்வளவுக்கு வைத்தார் என்று எழுதியிருக்கும். சில புத்தகங்களில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல பதிவுகள். ஒரு பையன் அதே புத்தகத்தை வைப்பதும் மீட்பதுமாகவே படித்து முடித்திருக்கிறான்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு ஊரும் மாணவர்களும் ஒற்றுமையாகிவிட்டார்களா என்றால், இல்லை. 1355 பிப்ரவரி 10. ஊரின் நடுநாற்சந்தியில் இருந்த ஸ்விண்டில்ஸ்டாக் என்ற மதுக்கடையில், ஒயின் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் கடைக்காரரிடம் சண்டை போட்டு, கோப்பையை அவர் தலையில் எறிந்தார்கள். கடை அமைந்த கட்டடம் நகரத் தலைவருக்குச் சொந்தம். ஊர்க்காரர்கள் தங்கள் தேவாலய மணியை அடித்தார்கள்; பல்கலைக்கழகத்தார் தங்கள் மணியை அடித்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று நாள். வாடகை வீடுகளின் கதவை உடைத்து உள்ளே போய் அடித்தார்கள். மாணவர் தரப்பில் 63 பேர், ஊர்த் தரப்பில் சுமார் 30 பேர் இறந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. முடிவில் மன்னர் மறுபடியும் பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் நின்றார். ரொட்டி, பீர் விலையும் எடைக்கற்களும்கூட அவர்கள் கண்காணிப்புக்குப் போய்விட்டன. நகரத் தலைவரும் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்க்காரர்களும் வருடந்தோறும் அந்த நாளில் தேவாலயத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை போட வேண்டும் என்று பிராயச்சித்தம். 1825 வரை, கிட்டத்தட்ட 470 வருடம், போட்டார்கள். 1955இல்தான் இரு தரப்பும் முறையாகச் சமாதானம் செய்துகொண்டன.

அந்த மதுக்கடை இருந்த இடத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நான் போனபோது அங்கே ஒரு வங்கிக் கிளை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஒரே ஒரு பெண் கவுண்டரில் இருந்தார். முன்னால் ஒரு மாணவன் ஏதோ படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் நிரப்பிக் கொடுத்திருப்பேன், மகள் திட்டுவாள்.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகமே ஒரு முடிவுக்கு வந்தது. எந்த ஹாலிலும் சேராமல் ஊர்க்காரர் வீட்டில் தனி அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள்தான் எல்லாக் கலகத்துக்கும் காரணம். எல்லோரும் ஒரு பொறுப்பாளரின் கீழ் ஹாலிலோ கல்லூரியிலோ இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். அப்படித் தனி அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஹாலில் பங்கு கட்ட வசதி இல்லாதவர்கள். மெல்ல மெல்லச் சொத்துள்ள கல்லூரிகள் பெருகி, வாடகை ஹால்கள் மறைந்தன. அவற்றில் தப்பிப் பிழைத்தது செயின்ட் எட்மண்ட் ஹால் ஒன்றுதான். அதுவும் 1957இல் கல்லூரியாகிவிட்டது. ஏழைகளுக்குக் கதவு மறுபடி திறந்தது 1868இல். எந்தக் கல்லூரியிலும் சேராமல், பல்கலைக்கழகம் அனுமதித்த வீடுகளில் வாடகைக்கு இருந்தே படிக்கலாம் என்று விதியை மாற்றினார்கள்.

இனி நம் விஷயம். பையன்களை நாம் தூக்கில் போடவில்லை. காலி செய்யத்தான் சொன்னோம். வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் தப்புச் செய்தவன் ஓடிவிட்டான், கூட இருந்தவர்கள் கையில் கிடைத்தார்கள் என்ற இடத்தில் இரண்டு கதையும் ஒன்றுதான். போதாக்குறைக்கு நாம் சி பிளாக்கிலும் டி பிளாக்கிலும் இருக்கும் மாணவர்களையும் சேர்த்துவிட்டோம். சி பிளாக் பெண்பிள்ளைகள் மூன்று பேரும் நர்சிங் படிக்கிறார்கள். போன மழையில் மின்சாரம் போனபோது இரவு பதினொரு மணிக்கு என் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்தது அவர்கள்தான். கை தூக்கும்போது அது என் நினைவில் இல்லை.

நம் சங்கத் துணைவிதிப்படி நிறைவேறிய தீர்மானத்தை அடித்தெழுத முடியாது. அடுத்த பொதுக்குழுவில் மறுதீர்மானம் கொண்டுவரலாம். ஏப்ரல் கடைசி ஞாயிறு கூட்டத்துக்கு எழுத்து மூலம் கொடுத்துவிட்டேன். முன்மொழிபவர் நான், வழிமொழிபவர் அன்று எதிர்த்துக் கை தூக்கிய நால்வரில் ஒருவர். சாரம் இவ்வளவுதான். வெளியேற்றும் தீர்மானம் ரத்து. மாணவர்களுக்கு விடும் வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் பெயர், சங்கத்திடம் ஒரு காஷன் டெபாசிட், சேதம் வந்தால் முதல் செலவு அதிலிருந்து, கீழ் வீட்டுக்காரருக்கு. தகராறு வந்தால் பார்க்க நான்கு பேர் குழு. இரண்டு பேர் நம்மில், இரண்டு பேர் அவர்களில். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் செயலாளர், "பசங்களையும் குழுவுல போடணுமா சார்?" என்றார். 1231இலேயே போட்டிருக்கிறார்கள் என்றேன். ஆசிரியர்களைத்தானே போட்டார்கள் என்று அவர் மடக்கினார். சரியான கேள்விதான். கூட்டத்தில் பேசிக்கொள்வோம்.

நான்காவது பையன் பிப்ரவரி முதல் வாரத்தில் அப்பாவோடு திரும்பி வந்துவிட்டான். அப்பா நெல் வியாபாரத்தில் எடைபோடும் வேலை பார்ப்பவர். கீழ் வீட்டில் பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அலமாரிக்குத் தச்சர் சொன்ன மதிப்பு 38,000 ரூபாய். இதுவரை நான்கு தவணையாக 11,000 வந்திருக்கிறது. கொடுப்பது அந்தப் பையன் மட்டும் அல்ல, நான்கு பேரும். சுற்றுலா போயிருந்த மூன்று பேரிடம் நீங்கள் ஏன் தருகிறீர்கள் என்று கேட்டேன். "வாடகை ஒப்பந்தத்துல நாங்க நாலு பேரும்தானே அங்கிள் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றார்கள். கணக்கு என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம்.